பறிகூலியை யார் கொடுப்பது?

தக்காளி விலை கெட்டுப்போனால் கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் பக்கம் காட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செடி முழுக்கப் பழம் சிவந்து நிற்கும், பறிக்க ஆள் இருக்காது. ரெண்டு நாள் போனால் பழம் உதிர்ந்து வரப்போரம் ஈ மொய்க்கும், அப்புறம் ஆட்டுக்காரர் யாராவது பட்டியை உள்ளே விடுவார், அதுக்கும் அடுத்து டிராக்டர் வந்து ரோட்டவேட்டர் ஓட்டி எல்லாத்தையும் மண்ணோடு மண்ணாக அடித்துவிட்டுப் போகும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழத்தை வீணாக்குகிறார்களே, இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை விவசாயியிடம் போய்க் கேட்பதில் நியாயம் இல்லை.

ஏன் என்றால் கணக்கு இப்படி. எங்கள் பக்கம் தக்காளி 15 கிலோ பெட்டியில் போகிறது. ஒரு பெட்டிக்குப் பறிகூலி, பெட்டி வாடகை, காட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, மண்டிக் கமிஷன் எல்லாம் கழிந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் விவசாயி வீட்டுக்குக் கொண்டுபோகிற காசு. பெட்டி 300, 400 என்று போகும்போது இந்தச் செலவெல்லாம் கண்ணில் படாது. 60, 70 என்று இறங்கிவிட்டால் கைக்காசைப் போட்டுப் பறித்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிடும். ஏற்கெனவே நாற்று, கொடி கட்டும் கயிறு, குச்சி, உரம், மருந்து என்று கடன் நிற்கிறது. அந்த ஆளிடம் போய் "சும்மா விடறதுக்கு நாலு பேருக்குக் கொடுங்களேன்" என்றால், இன்னும் ஒருமுறை கூலி கொடுத்துப் பறித்து, வண்டி பிடித்து, தானம் பண்ணுங்கள் என்று சொல்வதாகத்தான் அர்த்தம்.

செடியில் நிற்கிற பழம் இலவசம்தான். அது தட்டுக்கு வந்து சேர்கிற வழி இலவசம் இல்லை. அந்த வழிச்செலவை விவசாயி தலையில் வைக்காத வரைக்கும்தான், விலை போகாமல் நிற்கிற காயை இல்லாதவர்கள் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற எங்கள் வேலை ஓடும். இத்தனை வருஷமாகச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நான் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் உரமும் விதையும் மருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். மருந்து என்றால் பயிருக்கு அடிக்கிற மருந்து. பாலக்காடு என்றால் நெல்வயல் என்று நினைக்கிறவர்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் வந்து பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி எல்லாம் பஞ்சாயத்து கணக்கில் கேரளா, பேச்சில் தமிழ், மழை மட்டும் கோயம்புத்தூர் மழை. தென்னை, கடலை, போர்வெல் தண்ணீரில் சொட்டுநீர் போட்டுக் காய்கறி. ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. ஒரே குடும்பத்துக்கு ரெண்டு பக்கமும் காடு இருக்கும். ரெண்டு பக்கத்துக் காயும் வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து மேற்கே திருச்சூர், எர்ணாகுளம் என்று லோடு ஏறும். இல்லாவிட்டால் கிணத்துக்கடவு, நாச்சிபாளையம் போகும்.

கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. யார் என்ன வைத்திருக்கிறார்கள், எத்தனை ஏக்கர், எப்போது காய்ப்புக்கு வரும், கடைசியாக எப்போது மருந்து வாங்கினார்கள் எல்லாம் பற்று நோட்டில் இருக்கும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இது கைகொடுத்தது. ஓட்டல் இல்லை, கல்யாணம் இல்லை, கோயில் விசேஷம் இல்லை, மேற்கே போகிற வண்டி குறைந்துபோனது, காய் காட்டிலேயே நின்றது. அதே நேரத்தில் இந்தப் பக்கம் பஞ்சாயத்துகள் குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்களை வைத்து சமூக அடுக்களை, அதாவது பொதுச் சமையல்கூடம், தொடங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் காய், இன்னொரு பக்கம் அடுப்பு. நடுவில் நாலு கிலோமீட்டர். அதை இணைக்க ஒரு பெட்டி ஆட்டோவும் தெரிந்த ஆட்கள் நாலு பேரும் போதுமாக இருந்தது. அடுக்களைகள் மூடிய பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், பிக்கப் ஓட்டுகிற தம்பி ஒருத்தன், படுக்கையில் இருக்கிற நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் கேரில் தன்னார்வமாகப் போகிற அக்கா ஒருத்தர், நான்.

விலை ஏன் இப்படி விழுகிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், எப்போது தயாராக இருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. எங்கள் காய்கறி விலை மலையாளிகளின் காலண்டரைப் பார்த்துத்தான் ஏறி இறங்கும். ஓணத்துக்கு முன்னால் ஒரு வாரம் எது கொண்டுபோனாலும் விலை. திருவோணம் முடிந்த மறுநாள் மார்க்கெட்டில் வாங்க ஆள் இருக்காது. காய்க்கு ஓணம் தெரியுமா, அது பாட்டுக்குக் காய்த்துக்கொண்டே இருக்கும். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டால் மறுபடி ஏறும், மண்டல காலம் முடிந்ததும் இறங்கும். ஆயுத பூஜைக்கு நீர்ப்பூசணி லோடு லோடாக வரும், பூஜை முடிந்த அன்றைக்கு ராத்திரியே ரோட்டோரம் அனாதையாகக் கிடக்கும். தக்காளி இதுக்கெல்லாம் கட்டுப்படாது. போன முறை விலை இருந்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நாற்று நட்டால், கர்நாடகாவிலும் ஆந்திராவிலும் அதே நேரத்தில் வரத்து பெருத்தால், முடிந்தது கதை.

லூதியானாவில் இருக்கிற, அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தை ஆராய்கிற சிபெட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பறிப்பதில் தொடங்கிக் கடை வரைக்கும் தக்காளியில் 12.44 சதவீதம் வீணாகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எட்டுப் பெட்டிக்கு ஒரு பெட்டி. அது சாதாரண நாளில் வழியில் சிந்துகிற கணக்கு. விலை விழுந்த வாரத்தில் காடு காடாக உழுது போடுவதை நேரில் பார்ப்பவர்களுக்கு அந்த எண் சின்னதாகத்தான் தெரியும். கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 காய், கிழங்கு, பழ வகைகளுக்கு அடிப்படை விலை அறிவித்தது, தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். நல்ல ஏற்பாடு. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்தவருக்குத்தான், அதுவும் ரோட்டுக்கு இந்தப் பக்கத்துக் காட்டுக்கு மட்டும்தான். அதனால் கடைக்கு வருகிற எல்லோரிடமும் நடும்போதே கிருஷிபவனுக்கு (வேளாண்மை அலுவலகத்துக்கு) போய்ப் பதிந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விவசாயிக்கு விலை கிடைத்துவிட்டால் எங்களுக்கு வேலை இல்லை, அதுதான் எங்களுக்கும் வேண்டியது.

சரி, எங்கே தொடங்குவது? காட்டில் இல்லை. சமையல்கட்டில் தொடங்க வேண்டும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் காயைப் பிடிக்கிறார்கள், பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று போன் போடுகிறார்கள். ஒரு டன் தக்காளியை வண்டியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் தேடினால், காட்டில் அழுகியிருக்க வேண்டியது யாரோ ஒருத்தர் வராந்தாவில் அழுகும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய், ஆறு முதல் எட்டு வரை 75 கிராம். 200 சின்னப் பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்குத் தேவை எல்லாக் காயும் சேர்த்தே 10 கிலோ. ஒரு டன் காயை ஒரே நாளில் தீர்க்க அப்படி நூறு பள்ளிக்கூடம் வேண்டும். நன்றாகக் காய்த்த ஏக்கரில் ஒரு பறிப்பிலேயே ஒரு டன்னுக்கு மேல் வரும். ஆக, காய்க்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை, அன்றைக்கே வெட்டிச் சமைத்துத் தீர்க்கிற அடுப்புக்குத்தான் பஞ்சம்.

இது புரிந்த பிறகு நாங்கள் காட்டுக்காரரைத் தேடிப் போவதைக் குறைத்தோம், சமையல்கட்டைத் தேடிப் போனோம். சித்தூர் பக்கம் ரெண்டு முதியோர் இல்லம், அனாதைப் பிள்ளைகள் விடுதி, மூணு பள்ளிக்கூடம், கஞ்சிக்கோட்டில் வடநாட்டுத் தொழிலாளிகள் கூட்டாகச் சமைக்கிற லைன் வீடுகள், அப்புறம் பாலியேட்டிவ் கேர் வழியாகத் தனி வீடுகள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள் உண்டு. எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், சமையல் எத்தனை மணிக்குத் தொடங்கும், காய் எத்தனை மணிக்குள் வர வேண்டும், ஃபிரிட்ஜ் இருக்கிறதா, எந்தக் காய் வேண்டாம். கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். முதியோர் இல்லத்தில் முற்றிய வெண்டைக்காயைக் கொடுத்தால் பல் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? கஞ்சிக்கோட்டுப் பையன்களுக்குப் புடலங்காய் பிடிக்காது, தக்காளியும் கத்தரிக்காயும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குவார்கள். பிள்ளைகள் விடுதியில் அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) என்றால் சமையல் அக்காவுக்கு உயிர், தேங்காய் அரைத்து எரிசேரிக் கூட்டு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வார்.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி போய் நின்றதும் முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வருவார். பெட்டியின் மேல் அடுக்கைத் தொடவே மாட்டார். கையை ஓரமாக உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, காம்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டை விரலால் லேசாக அமுக்குவார். பிறகு மோந்து பார்ப்பார். "அண்ணா, இது நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும், அது இன்னைக்கே போடணும், இந்தப் பெட்டி வேண்டாம், கொண்டுபோயிருங்க." ஒரு நிமிஷத்தில் மூணாகப் பிரித்துவிடுவார். முதல் தடவை எங்கள் பிக்கப் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது, ஓசியில் கொடுத்தும் குறை சொல்கிறார்களே என்று. எனக்கு அன்றைக்கே அந்த அக்கா மேல் மரியாதை வந்தது. அறுபது பிள்ளைகள் வயிற்றுக்குப் பொறுப்பு அவர். வேண்டாம் என்று சொல்கிற உரிமை வாங்குகிறவருக்கு இருந்தால்தான் கொடுக்கிறவர் ஒழுங்காகக் கொடுப்பார். அவர் பிரிக்கிற மாதிரியே இப்போது நாங்கள் காட்டிலேயே மூணாகப் பிரித்துத்தான் ஏற்றுகிறோம்: இன்றைக்கு, நாளைக்கு, நாலு நாள் தாங்கும்.

இனி பறிகூலி. விலை விழுந்த ஒரு மாசி மாதம் வடகரப்பதிப் பக்கத்து விவசாயி ஒருத்தர் கடைக்கு வந்து, "அண்ணா, நாளைக்குக் காலையில டிராக்டர் சொல்லிட்டனுங்க. வேணும்னா இன்னைக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து பறிச்சுக்கங்க" என்றார். போனோம். பறிக்க நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம், எப்போதும் அவர் காட்டில் பறிக்கிற அதே ஆட்கள்தான். அவர் வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கூலி யார் தருவது என்ற பேச்சு வந்தபோது அவர் பையில் கைவிடப் போனார். பழக்கம், காட்டில் ஆள் இறங்கினால் கூலி காட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். வாத்தியார் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நீங்க பழம் கொடுத்திருக்கீங்க, அது போதுமுங்க." அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது வேலியோரம் நின்ற முருங்கையிலிருந்து ஒரு கட்டு காயை ஒடித்து வண்டியில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் யார் காட்டில் காய் நின்றாலும் எங்களுக்குச் சேதி வந்துவிடுகிறது, நாங்கள் கேட்டுப் போக வேண்டியதே இல்லை.

கூலியைக் குறைத்தும் கொடுக்கக் கூடாது. தர்ம காரியம்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று பறிக்கிற பெண்களிடம் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை விழுந்தால் முதலில் வேலை போவது அவர்களுக்குத்தான். காடு பறிக்காமல் நின்றால் அவர்கள் வீட்டு அடுப்பும் நிற்கும். இல்லாதவர்களுக்கு உணவு சேர்க்கப் போய் இல்லாத இன்னொருத்தர் கூலியில் கை வைப்பது எந்த நியாயமும் இல்லை. காலையில் என்ன கூலியோ அதே கூலி, அப்புறம் வீட்டுக்கு வேண்டிய காயை அவர்களே முதலில் எடுத்துக்கொள்வார்கள். பறித்து முடித்த பிறகு மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. கடலை பிடுங்கிய காட்டில் தப்புக்காய் பொறுக்கி வளர்ந்தவர்கள் அவர்கள், மிச்சம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று, இதைத் தயவு செய்து யாரும் லேசாக எடுக்க வேண்டாம். காட்டில் நிற்கிற காயைப் பறிப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள், என்ன மருந்து. விலை இருக்கும்போது அடித்துவிட்டு, திடீரென்று விலை விழுந்ததும் விட்ட காடாக இருக்கலாம். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று லேபிளிலும் உள்ளே மடித்து வைத்த தாளிலும் போட்டிருக்கும். ஒரே மருந்துக்குத் தக்காளிக்கு ஒரு கணக்கு, கத்தரிக்காய்க்கு வேறு கணக்கு இருக்கும், அதனால் போன வாரம் தக்காளிக்குப் பார்த்ததை நினைவில் வைத்துக் கத்தரிக்காயைப் பறிக்கக் கூடாது. டப்பாவில் சாய்சதுரமாக ஒரு படம் இருக்கும், அதன் கீழ்ப் பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம். சிவப்பு என்றால் கொடிய விஷம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே தடை வந்துவிட்டது, இருந்தும் பழைய பழக்கத்தில் கேட்டு வருகிறவர்கள் உண்டு. விவசாயி நினைவில்லை என்று சொன்னாலோ, சொல்லத் தயங்கினாலோ, அந்தக் காட்டை விட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல காயாக இருந்தாலும் சரி. காசு கொடுத்து வாங்குகிறவர் கடையை மாற்றிக்கொள்ளலாம், விடுதிப் பிள்ளைக்கும் படுக்கையில் இருக்கிற நோயாளிக்கும் நாம் கொடுப்பதுதான் கிடைக்கும். அவர்களுக்குப் போகிற காய் விற்கிற காயைவிட ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

கையாளுகிற விஷயங்கள் சிலது. பறிப்பு விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். பத்து மணிக்கு மேல் பறித்த காயில் சூடு உள்ளேயே நிற்கும், சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிடும். பனி ஈரம் பழத்தில் இருந்தால் கொஞ்சம் காய விட்டுப் பெட்டியில் போட வேண்டும். பறித்ததை வேப்பமரமோ தென்னையோ ஏதாவது நிழலில் வைத்துத் தரம் பிரித்துவிட்டு ஏற்ற வேண்டும். தக்காளியைச் சாக்கில் கட்டவே கூடாது, கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போவதற்குள் அடியில் இருப்பது சாறாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டிதான், அதுவும் வாயளவுக்குக் கொஞ்சம் கீழே நிரப்பினால்தான் மேலே இன்னொரு பெட்டி உட்காரும். பெட்டிகள் திரும்பி வருவது தனித் தலைவலி. மண்டிப் பெட்டியை இரவல் வாங்கிக் கொடுத்தால் அது எங்கேயாவது துணி ஊற வைக்கப் போய்விடும், பிறகு மண்டிக்காரரிடம் முகம் கொடுக்க முடியாது. சொந்தமாகக் கொஞ்சம் பெட்டி வாங்கிப் பெயிண்ட் அடித்து, நிறைந்த பெட்டி இறக்கும்போதே காலிப் பெட்டி ஏற்றிக்கொள்வது என்று வைத்தோம்.

பழுத்த தக்காளியோடும் வாழைத்தாரோடும் பாகற்காய், வெள்ளரி, பயற்றங்காய் எதையும் ஒரே வண்டியில் மூடி வைக்காதீர்கள். பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வரும், பக்கத்தில் இருக்கிற பச்சைக் காயை அது மஞ்சளாக்கிவிடும். பாகற்காய் ஒரே ராத்திரியில் பழுத்து வெடிக்கும். தக்காளியை ஃபிரிட்ஜில் திணிக்கவும் வேண்டாம், அரைப்பழமாக இருந்தால் குளிரில் நிறமும் வராது, ருசியும் வராது, வெளியே எடுத்ததும் கொழகொழவென்று ஆகிவிடும். காம்புப் பக்கம் கீழே இருக்கிற மாதிரி நிழலில் பரப்பி வைத்தால் போதும். சமைக்கப் போகும்போதுதான் கழுவ வேண்டும்.

வெண்டைக்காயில் ஒரு சங்கடம், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய காய் அது. விவசாயி பறிப்பை நிறுத்தி நாலு நாள் ஆகிவிட்டால் பார்க்கப் பெரிசாக, பச்சையாக, அழகாக நிற்கும், ஆனால் நார். நுனியை ஒடித்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் எடுங்கள், வளைந்தால் விட்டுவிடுங்கள். முற்றியதைச் சுமந்துபோய்க் குப்பையில் போடுவதற்கு அது மண்ணுக்கு உரமாவதே மேல். எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று இல்லை.

இதற்கெல்லாம் நேர் எதிர் அரசாணியும் நீர்ப்பூசணியும். காம்போடு வெட்டி, தோலில் கீறல் விழாமல், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக் கணக்கில் நிற்கும். தூக்கும்போது காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, காம்பு கழன்றால் அந்தக் காய் அங்கேயிருந்துதான் அழுகத் தொடங்கும். ஆயுத பூஜை முடிந்து மிஞ்சுகிற பூசணியை மண்டிக்காரர்கள் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு இடம் காலியானால் போதும். அதைக் கொண்டுபோய் விடுதி ஸ்டோரில் அடுக்கிவிட்டால் வேறு காய் கிடைக்காத வாரத்துக்கு ஆகும்.

மண்டி என்றதும் இன்னொன்று. ஏலம் முடிந்து மிஞ்சுகிற காய் காட்டுக் காயைவிடச் சுலபம், ஏனென்றால் பறிகூலியும் பாதி வண்டி வாடகையும் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் அது வெயிலிலும் மூட்டையிலும் கிடந்த காய், அன்றைக்கே அடுப்பேற வேண்டும். மண்டியில் வாங்குவதாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு சமையல்கட்டு வேண்டும். அப்புறம், ஏலத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். ஓசிக்கு வாங்க ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் வியாபாரி விலையை இன்னும் இறக்கிக் கேட்பார். கடைசி வண்டி லோடு ஏறி, விவசாயிகள் தங்கள் விற்பனைச் சீட்டை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் நாங்கள் உள்ளே போகிறோம்.

சமைத்துத் தீர்க்க முடியாத தக்காளியை என்ன செய்வது? குடும்பஸ்ரீ பெண்கள் சிலர் எங்களுக்காகத் தொக்கு கிளறித் தருகிறார்கள். நல்லெண்ணெய், உப்பு, புளி, மிளகாய்ப் பொடி போட்டு எண்ணெய் பிரிந்து மேலே வருகிற வரைக்கும் சுண்டக் கிளறினால், ஈரக்கை படாமல் வைத்துக்கொண்டால் வாரக் கணக்கில் வரும். ஆனால் பத்து கிலோ பழம் வைத்தால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும், விறகும் ஆள் நேரமும் நிறைய. பாகற்காய், கத்தரிக்காய், கொத்தவரங்காயைக் கொண்டாட்டம் என்று இங்கே சொல்கிற வற்றலாகப் போட்டு வைப்பது அதைவிட லாபம். உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்து, பங்குனி வெயிலில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்தால் மூணே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். இதுக்கும் கூலி உண்டு. சும்மா செய்து தருகிறேன் என்று அவர்கள் சொன்னாலும் நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

தனி வீடுகளுக்குக் கொடுப்பதில் நான் ரொம்பக் கவனமாக இருக்கிறேன். கேரளாவில் 2008-இல் பாலியேட்டிவ் கொள்கை வந்த பிறகு பஞ்சாயத்து தோறும் வீட்டுக்கே போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ் இருக்கிறார். எந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டார், எந்த வீட்டில் ரேஷன் அரிசி இருந்தும் குழம்புக்குக் காய் இல்லை என்பது அவருக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவரோ ஆஷா ஒர்க்கரோ சொல்கிற வீட்டுக்கு அவர்கள் வண்டியிலேயே, மருந்துப் பையோடு காய்ப் பையும் போய்விடும். தெருவில் வண்டியை நிறுத்தி வரிசை கட்டச் சொல்லிக் கொடுப்பதை நாங்கள் செய்வதில்லை. போட்டோ எடுப்பதே இல்லை, காசு கொடுக்கிறவர்கள் கேட்டாலும் காய் ஏற்றுகிற படம் மட்டும்தான். முதலமடைப் பக்கம் ஒரு காலனியில் ஒரு பாட்டி எங்களிடம், "தக்காளி தக்காளின்னு கொண்டாந்து போடறீங்களே சாமி, ரெண்டு வெங்காயம் இருந்தாத்தானே அதைத் தாளிக்க முடியும்" என்றார். அதிலிருந்து தனி வீட்டுப் பையில் தக்காளி ஒரு கிலோ என்றால், காசு போட்டாவது கால் கிலோ சின்ன வெங்காயமும் ரெண்டு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்து வைக்கிறோம். ஒரே காயை வாரம் முழுக்கக் கொடுத்தால் அது உதவி இல்லை, நம் பாரத்தை அவர்கள் வீட்டில் இறக்கி வைப்பதுதான்.

காசு எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய இடத்து உதவி ஒன்றும் இல்லை. கல்யாணநாள், பிறந்தநாள், திதி என்று வருகிறவர்களிடம் ஒருநாள் சாப்பாட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்பதில்லை, ஒரு வண்டி வாடகையோ ஒரு காலைப் பறிகூலியோ கொடுங்கள் என்று கேட்கிறோம். சாப்பாட்டுக்குக் கேட்டால் உடனே கொடுப்பவர்கள் கூலிக்குக் கேட்டால் கொஞ்சம் யோசிக்கிறார்கள், அன்னதானம் மாதிரி மனசுக்கு நிறைவு இல்லை போல. அவர்களை ஒருநாள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். 300 கிலோ காய் நின்ற இடத்திலிருந்து பெட்டிக்கு வருவதைப் பார்த்த பிறகு யாரும் யோசித்ததில்லை. ஒரு அன்னதானத்துக்கு ஆகிற காசில் எத்தனை நாள் காய் ஓடும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கணக்கு நோட்டு கட்டாயம் வேண்டும். யார் காடு, என்ன காய், எத்தனை கிலோ, கடைசியாக மருந்து அடித்த தேதி, எங்கே இறக்கியது, யார் கையெழுத்து. மிஞ்சிய உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது, கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சமைத்த சாப்பாடு கொடுக்கிறவர்கள் அதைப் படிக்காமல் இறங்கக் கூடாது. நாங்கள் பச்சைக் காயோடு நிறுத்திக்கொள்கிறோம், சமைத்ததைத் தொடுவதில்லை. எல்லை தாண்டும்போதும் நோட்டு உதவும். பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றாலும் சோதனைச்சாவடியில் எங்கிருந்து எங்கே என்று கேட்பார்கள், எழுதி வைத்த தாளைக் காட்டினால் பேச்சு வளராமல் முடிந்துவிடும்.

வருகிற மாசிக்கு மேனோன்பாறைப் பக்கம் நிறையப் பேர் தக்காளி நட்டிருக்கிறார்கள், என் கடை நோட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அதற்குள் இன்னும் அடுப்பு பிடிக்க வேண்டும். வாளையார் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்திலும் கஞ்சிக்கோட்டில் இன்னொரு லைன் வீட்டிலும் பேசி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் காலை எட்டரைக்குள் காய் வந்தால் வாங்கிக்கொள்கிறார்களாம், அதனால் அந்தப் பக்கத்துக் காட்டை ஐந்தரைக்கே தொடங்க வேண்டியிருக்கும். பறிக்க வருகிற பெண்களிடம் கேட்டேன், வருகிறோம், ஆனால் விடிவதற்கு முன்னால் வீட்டிலிருந்து கூட்டிப் போக வண்டி வேண்டும் என்கிறார்கள். அதற்கும் வாடகை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.